கூப்பிடாதீங்க, அண்ணே

"எல்லாம் சரியா இருக்கு சார். இந்த ஒரு வரி மட்டும் எதுக்குன்னு விளங்கலை."

டேட்டாபேஸ் மேடம் திரையில் விரலை வைத்துக் காட்டினாள். டெலிபோன்காரர் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. அவருக்குத்தான் கொஞ்சம் அவகாசம் தேவைப்பட்டது.

மின்விசிறி செய்கிற கம்பெனி அது. அங்கே படிக்கட்டுக்கு அடியில் இருந்த சின்ன அறைதான் டெலிபோன்காரரின் ராஜ்ஜியம். அறைக்குள் ஒரு பெட்டி. யார் மேஜையில் எந்த எண், வெளியிலிருந்து வருகிற அழைப்பு யாருக்குப் போக வேண்டும், அவர் இல்லாவிட்டால் யாருக்கு, அவரும் இல்லாவிட்டால் எந்தப் பதிவுக் குரல் பேச வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே ஒரு கோப்பில் இருந்தன. கோப்பை எழுதியவர் டெலிபோன்காரர். அதைப் படித்துப் புரிந்துகொள்ளக் கூடியவரும் அவர் ஒருவர்தான். அவர் லீவு போட்டால் கம்பெனிக்கே காது கேட்காது என்று கேன்டீனில் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு.

முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. ஒரு ஆள் மண்டைக்குள்ளும் ஒரு பெட்டிக்குள்ளும் கம்பெனியின் போன் மாட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்று ஒரே பிடியாக நின்றுவிட்டார். அத்தனையும் மூன்றாம் மாடியில் இருக்கும் டேட்டாபேஸுக்கு மாற வேண்டும். மாற்றுவதற்கென்று வந்தவள்தான் இந்த மேடம்.

"ரொம்ப சிம்பிள் சார். இனிமே பெட்டி எதையும் தன் மனசுல வெச்சுக்காது. ஒவ்வொரு தடவை போன் வரும்போதும் டேட்டாபேஸைக் கேட்கும். அது என்ன சொல்லுதோ அதைச் செய்யும்."

எதையும் மனசில் வைத்துக்கொள்ளாத பெட்டி என்றதும் டெலிபோன்காரருக்கு எங்கேயோ சுருக்கென்றது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"இந்த வரி, சார்," என்று மேடம் மறுபடியும் ஆரம்பித்தாள். "வெளியில ஒரு நம்பர். அதிலேருந்து போன் வந்தா யாருக்கும் கொடுக்காதே, ஒரு ரெக்கார்டைப் போட்டுட்டு கட் பண்ணிடுன்னு எழுதியிருக்கீங்க. யார் நம்பர் இது?"

"அது... அது டெஸ்டிங்குக்குப் போட்டது."

"டெஸ்டிங்கா?"

"பெட்டி வந்த புதுசுல. வேலை செய்யுதான்னு பார்க்கறதுக்கு."

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் சொல்கிற பொய்க்கு ஒரு குணம் உண்டு. மற்றவர்களின் பொய் சொன்ன வாயோடு போய்விடும்; இவர்களின் பொய் சாயங்காலம் வரைக்கும் கூடவே நடந்து வரும். டெலிபோன்காரருடைய பொய் அந்த வகை.

"அப்ப அழிச்சிடட்டுமா?" என்றாள் மேடம்.

அழித்துவிடு என்று சொல்ல வாயைத் திறந்தார். அந்த ஒரு வார்த்தை வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

"இருக்கட்டும்மா. அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும்," என்றார்.

அந்த எண் அவருடைய அண்ணன் வீட்டு எண்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்ட வீட்டில், தம்பிக்குச் சோறு பொங்கிப் போட்டு, தலை சீவிவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவர் அண்ணன். தையல்காரர். தம்பி வளர்ந்து, வேறு ஊரில் வேலைக்குப் போய், கல்யாணம் செய்து, காதோரம் நரைக்கவும் ஆரம்பித்துவிட்டான். ஆனால் அண்ணன் கணக்கில் அவன் இன்னும் டிபன் பாக்ஸைத் திறக்காமல் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரும் பையன்தான். தினம் மத்தியானம் கம்பெனிக்குப் போன் வரும். ரிசப்ஷன் அக்கா அதை அப்படியே ஒலிபெருக்கியில் போட்டுவிடுவாள்.

"டெலிபோன்காரர் சார், உங்க அண்ணன் லைன்ல இருக்கார். சாப்பிட்டாச்சான்னு கேட்கறார்."

நாலு மாடிக்கும் கேட்கும். நாளடைவில் அவருக்கு 'சாப்பிட்டியா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்கூட முதுகுக்குப் பின்னால் "சாப்பிட்டியா வர்றாருடா" என்பான். அதையும் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது புதுப் பெட்டி வந்த அன்று.

அன்று மீட்டிங் ரூமில் முதலாளிக்கும் எல்லா மேனேஜர்களுக்கும் புதுப் பெட்டியின் அருமை பெருமைகளை அவர் விளக்கிக்கொண்டிருந்தார். "இப்ப வெளியிலேருந்து ஒரு கால் வந்தா, ஸ்பீக்கர்ல எவ்வளவு தெளிவா கேட்குது பாருங்க," என்று சொல்லி வாய் மூடவில்லை. போன் அடித்தது. ஸ்பீக்கரைத் தட்டினார்.

"டேய் தம்பி, சாப்பிட்டியா? நேத்து ராத்திரி வயித்தால போச்சுன்னியே, இப்ப நின்னுடுச்சா?"

மிகத் தெளிவாகக் கேட்டது. முதலாளி கண்ணில் நீர் வரும் வரைக்கும் சிரித்தார்.

அன்று சாயங்காலம் அண்ணனைக் கூப்பிட்டு டெலிபோன்காரர் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டார். எனக்கு என்ன வயசுன்னு தெரியுமா, நாலு பேர் முன்னாடி மானத்தை வாங்கறதுக்குன்னே போன் பண்றீங்களா, உங்களுக்கு வேற வேலையே கிடையாதா என்று பொரிந்து தள்ளினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணன் சொன்னது இவ்வளவுதான்: "சரிடா, கோவப்படாதே. வயித்துல ஒண்ணும் இல்லாததாலதான் கோவம் வருது. சாப்பிட்டியா?"

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள். அந்தச் சூட்டோடு படிக்கட்டு அறைக்குள் நுழைந்து, அண்ணன் எண்ணுக்கென்று அந்த வரியை எழுதினார். பதிவுக் குரலையும் தானே பேசிப் பதித்தார்:

"நீங்க தேடுற ஆள் இங்க இல்ல, அண்ணே. உங்களுக்கு இனிமே கிடைக்கவும் மாட்டான். இந்த நம்பருக்கு இனிமே கூப்பிடாதீங்க, அண்ணே."

திட்டுவது என்று முடிவு செய்துவிட்டு உட்கார்ந்தவர், அதிலும் இரண்டு இடத்தில் 'அண்ணே' போட்டுவிட்டார். பேச்சு வந்த நாளிலிருந்து உள்ள பழக்கம். கோபம் வந்ததற்காக வாய் அதை விட்டுவிடுமா? அடுத்த வாரமே தன் செல்போன் நம்பரையும் மாற்றினார். புது நம்பரை அண்ணனுக்குச் சொல்லவில்லை.

கோபம் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. ஆனால் வரி அப்படியே இருந்தது. மனைவி ஒரு தடவை சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் அண்ணனைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "வேற ஒண்ணும் கேட்கலை. 'அவன் நேரத்துக்குச் சாப்பிடறானா'ன்னு மட்டும் கேட்டார். இவ்வளவு அக்கறை இருக்கறவர் ஒரு போன் பண்ணக் கூடாதா?" அன்று இரவு அவர் சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

பிறகு ஏன் வரியை அழிக்கவில்லை? பல தடவை அழிக்கப் போனார். ஒவ்வொரு தடவையும் ஒரே பயம் வந்து கையைப் பிடித்துக்கொண்டது. தடை இருக்கும் வரைக்கும், அண்ணன் கூப்பிட்டுக்கொண்டிருக்கலாம், நமக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்ளலாம். தடையை எடுத்த பிறகும் மணி அடிக்காவிட்டால்? அந்தப் பெட்டியோ, யார் கூப்பிட்டார்கள் என்று எழுதி வைக்கிற பழக்கம் இல்லாதது. எனவே வரியையும் பயத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் காலம் தள்ளிவிட்டார்.

"நீங்க டெஸ்டிங் ரெக்கார்டுன்னு சொன்னது நல்லதாப் போச்சு சார்," என்று மேடம் கொஞ்ச நேரத்தில் வந்து சொன்னாள். "எல்லா போனுக்கும் அந்த ரெக்கார்டையே போட்டு ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டேன். திரையில எல்லாம் பச்சை. அப்புறம் பழையபடி மாத்திட்டேன். ஏதாவது தப்பாப் போனா திருப்பி எடுக்கறதுக்கு ஒரு நகலும் எடுத்து வெச்சிருக்கேன். 'காலை நகல்'னு பேர்."

"கேட்டுப் பார்த்தியாம்மா? அந்த ரெக்கார்டை?"

"எதுக்கு சார் கேட்கணும்? பச்சை வந்தா போதும்."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த நிம்மதியில், நகலை எடுத்தது எல்லாவற்றையும் பழையபடி மாற்றுவதற்கு முன்பா பின்பா என்று கேட்கத் தோன்றவில்லை. அவளும் சொல்லவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரத்துல முதலாளி மீட்டிங் ரூம்ல பெரிய திரையில எல்லாருக்கும் காட்டப் போறார் சார். இனிமே போன் ரகசியமே கிடையாது, ஒவ்வொரு வரியும் யார் வேணா பார்க்கலாம்னு பேசப் போறாராம். ரிசப்ஷன் அக்காவைக்கூட வரச் சொல்லியிருக்கார். நான் போய் திரையை மாட்டறேன். நீங்க எதையும் தொட்டுடாதீங்க."

எதையும் தொடாதே என்று ஒருவரிடம் சொன்னால், அவர் கை சும்மா இருக்குமா? ஆனால் டெலிபோன்காரரை உலுக்கிவிட்டது ரிசப்ஷன் அக்காவின் பெயர். அண்ணன் வீட்டு எண்ணை மனப்பாடமாகச் சொல்லக் கூடிய ஆள் அந்தக் கட்டடத்தில் அவரைத் தவிர அக்கா ஒருத்திதான். "உங்க அண்ணன் இப்பெல்லாம் கூப்பிடறதே இல்லையே சார், நல்லா இருக்காரா?" என்று அவள் கேட்டபோதெல்லாம், "செல்லுலயே பேசிக்கறோம்க்கா" என்று சமாளித்து வந்திருக்கிறார். பெரிய திரையில் அந்த எண்ணைப் பார்த்தால், தம்பி அண்ணனுக்குக் கதவைச் சாத்தின கதை அக்காவுக்கு விளங்கிவிடும். அவள் முகத்தில் அப்புறம் எப்படி விழிப்பது?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வேண்டியதில்லை, ஒரு எண்ணை மறைத்தால் போதும். அந்த வரியில் எண் இருந்த கட்டத்தை மட்டும் காலி செய்தார். வரி இருக்கும், ஆனால் யாருடையது என்று தெரியாது; மீட்டிங் முடிந்ததும் எண்ணைத் திரும்பப் போட்டுவிடலாம். அவருடைய பழைய கோப்பில் காலியாக விட்டால் 'யாருக்கும் இல்லை' என்று அர்த்தம். திரையில் பச்சை வந்தது. டெலிபோன்காரர் சாய்ந்து உட்கார்ந்து பெருமூச்சு விட்டார்.

மேடம் கட்டிய டேட்டாபேஸில் காலியாக விட்டால் 'எல்லாருக்கும்' என்று அர்த்தம்.

கம்பெனியில் ஓர் அபூர்வமான அமைதி இறங்கியது. ஒரு போன்கூட அடிக்கவில்லை. முதலில் அதைக் கவனித்தவர் புகார்ப் பிரிவுக்காரர். காலை வேளையில் டீயை ஆறவிடாமல் குடிக்க முடிந்தது அவருக்கு அதுதான் முதல் தடவை.

"இன்னைக்கு ஒரு புகாரும் இல்லை," என்று அடுத்த மேஜைக்காரரிடம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சொன்னார். "நம்ம விசிறி எல்லாம் நல்லாத்தான் ஓடுது போல இருக்கு."

"எனக்கே நம்ப முடியலை," என்றார் அடுத்த மேஜைக்காரர்.

அந்த அமைதியைக் கலைத்தவள் முதலாளி அம்மா. கையில் கணவரின் மாத்திரை டப்பாவோடு வாசலில் வந்து இறங்கினாள். நேராக ரிசப்ஷனுக்கு வந்தாள்.

"யாரு அது? என்னை அண்ணேன்னு கூப்பிட்டது யாரு?"

அக்கா எழுந்து நின்றாள். "யாரும் கூப்பிடலையேம்மா?"

"மாத்திரையை மறந்துட்டுப் போயிட்டாரேன்னு போன் பண்றேன். ஒரு ஆம்பளைக் குரல் வந்து, நீங்க தேடுற ஆள் உங்களுக்கு இனிமே கிடைக்க மாட்டான், கூப்பிடாதீங்க அண்ணேங்குது! என் புருஷனை எனக்குக் கிடைக்க மாட்டான்னு சொல்றதுக்கு அவன் யாரு? அதுவும் என்னைப் போய் அண்ணேன்னு!"

படிக்கட்டுக்கு அடியில் இருந்தபடி இதைக் கேட்ட டெலிபோன்காரர் நாற்காலியைத் திரைக்கு முன்னால் இழுத்தார். அதற்குள் சேல்ஸ் மேனேஜர் மாடியிலிருந்து இரண்டிரண்டு படியாகத் தாண்டி இறங்கி வந்தார்.

"யோவ், என் குடும்பத்தைக் கெடுத்திட்டியேய்யா! என் பொண்ணைப் பார்த்துட்டுப் போன மாப்பிள்ளை வீட்டுல, நான் நிஜமாவே இங்க மேனேஜரான்னு விசாரிக்கக் கம்பெனிக்குப் போன் பண்ணியிருக்காங்க. அந்த ஆள் இங்க இல்லைன்னு சொல்லுதாம் உன் போன்! இப்ப என் செல்லுல வந்து, 'ஏங்க, நீங்க வேலையே பார்க்கலையாமே'ன்னு கேட்கறாங்க!"

"ரெண்டே நிமிஷம் சார். சரி பண்ணிடறேன்."

"அதோட, சம்பந்தி அம்மாவை அண்ணேன்னு வேற சொல்லியிருக்கு!"

டெலிபோன்காரர் திரையை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார். காலிக் கட்டத்தின் மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. காலி என்றால் யாரும் இல்லை. அது அவர் எழுதிய சட்டம். வேறு எங்கோ ஏதோ கெட்டுவிட்டது. என்ன என்று தேட நேரமில்லை. மேடத்தைக் கூப்பிட்டால் ஏன் தொட்டீர்கள் என்பாள், எதைத் தொட்டீர்கள் என்பாள், அந்த எண் யாருடையது என்பாள். அப்போதுதான் 'காலை நகல்' நினைவுக்கு வந்தது. மேடமே எடுத்து வைத்த நகல். அதைத் திருப்பிப் போட்டால் எல்லாம் காலையில் இருந்தபடி ஆகிவிடும், அதற்கப்புறம் எண்ணைப் பற்றிப் பார்த்துக்கொள்ளலாம்.

போட்டார். பச்சை வந்தது. காலையில் இருந்தபடியேதான் ஆனது. எல்லா போனுக்கும் மேடம் அந்த ரெக்கார்டைப் போட்டுச் சோதித்துக்கொண்டிருந்த நேரத்தில் எப்படி இருந்ததோ, அப்படி.

"சார், முதலாளி கூப்பிடறார்," என்று ஆள் வந்தது.

மீட்டிங் ரூமில் எல்லா மேனேஜர்களும் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி அம்மாவும் மாத்திரை டப்பாவோடு ஒரு நாற்காலியில் இருந்தாள். ரிசப்ஷன் அக்கா கதவருகே நின்றாள். அதே மேஜை, அதே ஸ்பீக்கர் போன். டெலிபோன்காரர் அந்த அறைக்குள் நுழையும்போதெல்லாம் அந்த ஸ்பீக்கரைப் பார்க்காமல் இருப்பார். அன்றும் பார்க்கவில்லை.

"காலையில ஏதோ குளறுபடின்னு கேள்விப்பட்டேன்," என்றார் முதலாளி.

"சரி பண்ணியாச்சு சார்."

"நல்லது. இனிமே நம்ம போன்ல ஒளிவு மறைவு கிடையாது. யார் வேணா யாரை வேணா ஒரே தட்டுல பிடிக்கலாம். பாருங்க, என் செகரட்டரியைக் கூப்பிடறேன்." ஸ்பீக்கரைத் தட்டி எண்ணை அழுத்தினார்.

"நீங்க தேடுற ஆள் இங்க இல்ல, அண்ணே. உங்களுக்கு இனிமே கிடைக்கவும் மாட்டான்..."

முதலாளி போனைப் பார்த்தார். வேறு எண்ணை அழுத்தினார். கணக்குப் பிரிவு.

"இந்த நம்பருக்கு இனிமே கூப்பிடாதீங்க, அண்ணே" என்று அதுவும் சொல்லி முடித்தது. ஸ்டோர்ஸ், பேக்கிங், வாசல் காவலாளி எல்லாரும் ஒரே குரலில் அதையே சொன்னார்கள்.

"இதே குரல்தான்! இவன்தான்!" என்று முதலாளி அம்மா எழுந்துவிட்டாள்.

"என் கம்பெனிக்கு நானே போன் பண்ணக் கூடாதா?" என்று முதலாளி கத்தினார். "யாருய்யா இவன்?"

யாரும் சிரிக்கவில்லை. முதலில் மெதுவாகத் திரும்பியது ரிசப்ஷன் அக்காவின் முகம்.

"இது உங்க குரல்தானே, சார்?"

டெலிபோன்காரர் கண்ணாடியைக் கழற்றினார்.

"யாரை அண்ணேங்கறீங்க?" என்று கேட்டவள், அடுத்த கேள்வியைத் தானே விழுங்கிக்கொண்டாள். அவளுக்கு விளங்கிவிட்டது. எந்த முகத்துக்குப் பயந்து காலையிலிருந்து பாடுபட்டாரோ, அந்த முகம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அதில் கோபம் இருந்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

"எங்க அண்ணனுக்காகப் போட்டது, சார்," என்றார் தரையைப் பார்த்தபடி. "அவர் கூப்பிட்டா இதைச் சொல்லிட்டு கட் பண்ணணும்னு. ரொம்ப வருஷத்துக்கு முன்னால."

"அப்படி என்னய்யா பண்ணினார் உங்க அண்ணன்?"

"சாப்பிட்டியான்னு கேட்டார், சார்."

யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். முதலாளி நெற்றியைத் தேய்த்தார்.

"இரு இரு. வயித்தால போச்சான்னு கேட்டாரே, அவரா?"

"ஆமா சார்."

முதலாளி ஸ்பீக்கரை அணைத்தார். "அன்னைக்கு நான்தான் ரொம்பச் சிரிச்சேன்," என்று மட்டும் சொன்னார். பிறகு மனைவியின் கையிலிருந்து மாத்திரை டப்பாவை வாங்கி, எல்லார் முன்னாலும் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

இதற்குள் மேடம் தன் கணினியில் புகுந்து வேலையை முடித்துவிட்டாள். காலியாக விட்டால் எல்லாருக்கும் என்று அர்த்தம் என்பதை அப்போதுதான் சொன்னாள். திட்டுகிற குரலில் சொல்லவில்லை, அதனால் இன்னும் வலித்தது.

"அந்த வரியை அழிச்சிடவா சார்?" என்று இரண்டாம் தடவையாகக் கேட்டாள்.

"அழிச்சிடும்மா."

"ரெக்கார்டு?"

"அதையும்தான். அடியோட."

"அழிச்சாச்சு. குரலும் போச்சு, நகலும் போச்சு. இனிமே அது எங்கேயும் கிடையாது. வெளியிலேருந்து யார் கூப்பிட்டாலும் நம்ம வரவேற்புக் குரல் பேசும், அப்புறம் அக்காவுக்குப் போகும்."

ஒரே நிமிஷத்தில் முடிந்தது. இத்தனை வருஷம் முடியாமல் இருந்ததும் அதே ஒரு நிமிஷ வேலைதான் என்பது அவருக்கு நெஞ்சை அறுத்தது.

மத்தியானம் ஆயிற்று. எல்லாரும் கேன்டீனுக்குப் போனார்கள். டெலிபோன்காரர் படிக்கட்டு அறையில், டிபன் பாக்ஸைத் திறக்காமல், போனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அண்ணன் வழக்கமாகக் கூப்பிடுகிற நேரம் அது. வழக்கம் என்று சொல்வதே அவருக்கு வெட்கமாக இருந்தது. அந்தத் திட்டைக் கேட்ட பிறகும் எந்த மனுஷன் திரும்பக் கூப்பிடுவான்? முதல் நாள் ஒரு தடவை கேட்டிருப்பார், ரிசீவரை வைத்திருப்பார், அதோடு சரி. அண்ணனுக்கும் ரோஷம் இல்லாமலா இருக்கும்? தானே கூப்பிடலாம். எண் தெரியும். கை ரிசீவர் வரைக்கும் போய்விட்டுத் திரும்பியது. என்னவென்று ஆரம்பிப்பது?

போன் அடித்தது. பாய்ந்து எடுத்தார்.

"அண்ணே!"

"நீங்களுமா?" என்றாள் மனைவி. "காலையில கூப்பிட்டா மெஷின் என்னை அண்ணேங்குது, இப்ப நீங்களே அண்ணேங்கறீங்க. கட்டின பொண்டாட்டியை அண்ணேன்னு கூப்பிடற அளவுக்கு அங்க என்னதான் வேலை நடக்குது?"

"அது ஒண்ணுமில்லை. மெஷின்ல ஒரு கோளாறு."

"கோளாறு உங்க குரல்ல எப்படிங்க பேசும்?" என்றாள். "அது உங்க அண்ணனுக்குப் போட்டதா?"

அவர் ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"அடப் பாவி மனுஷா," என்றாள். அதில் கோபத்தைவிட வேறு ஏதோ அதிகம் இருந்தது. "அவர் ஏன் நம்மகிட்ட பேசறதில்லைன்னு இத்தனை நாளா நான் அவரைத்தான் குறை சொல்லிட்டு இருந்தேன்."

"அழிச்சிட்டேன்டி. இப்பதான். அடியோட அழிச்சாச்சு."

"இத்தனை வருஷம் கழிச்சா? நீங்களே கூப்பிட்டு ரெண்டு வார்த்தை பேசுங்க. பேச வரலைன்னா அழுங்க, அதுவும் பேச்சுதான்," என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள்.

அவர் டிபன் பாக்ஸைப் பார்த்தார். சாப்பிட்டியா என்று கேட்டால் இல்லை என்று சொல்ல வேண்டும், திட்டு வாங்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அண்ணன் கூப்பிட மாட்டார் என்பது மட்டும் அவருக்கு இப்போது உறுதியாகத் தெரிந்தது. ரிசீவரை எடுத்தார், வைத்தார். மறுபடியும் எடுக்கப் போனபோது அது தானாகவே அடித்தது. ரிசப்ஷனிலிருந்து.

"சார்," என்றாள் அக்கா. அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. "உங்க அண்ணன் லைன்ல இருக்கார்."

டெலிபோன்காரர் எழுந்து நின்றுவிட்டார். "குடுங்கக்கா, குடுங்க!"

"உங்களுக்குக் குடுக்க வேண்டாங்கறார், சார். உங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாதாம். கம்பெனிக்கு ஒரு புகார் சொல்லணும்னுதான் கூப்பிட்டாராம்."

"புகாரா? என்ன புகார்?"

அந்தப் பக்கம் அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"தினம் மத்தியானம் இந்த நம்பருக்குப் போன் பண்ணினா, அவர் தம்பி வந்து ரெண்டு தடவை 'அண்ணே'ன்னு கூப்பிடுவாராம் சார், இன்னைக்கு அதை எடுத்துட்டு யாரோ ஒரு பொண்ணு குரலைப் போட்டிருக்கீங்களாம், தயவுசெஞ்சு பழையபடியே மாத்திக் குடுங்கங்கறார்."